பதினாலாம் அடைப்பின் நாலாவது மூலை

அந்த மேய்ச்சல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேரே வந்தால் "மேடம்". முதுகு திரும்பியதும் "பூதக்கண்ணாடி வருது, ஒழுங்கா நில்லு". இது அவளுக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில், இருபத்தெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நுண்ணோக்கிக்குக் கண்ணைக் கொடுத்தவளுக்கு மல்லிகா ராணி என்றா பெயர் வைப்பார்கள் என்று அவளே கேட்டிருக்கிறாள்.

அவள் எண்ணியது சிலந்திப்பேன்களை. பேன் என்றதும் கை தலைக்குப் போக வேண்டாம். இது அந்தப் பேனும் இல்லை, சிலந்தியும் இல்லை. எட்டுக் கால், ஒரு முற்றுப்புள்ளிக்குள் அடங்குகிற உடம்பு. நீங்கள் சுகமாகக் காலை நீட்டி உட்காருகிற புல்தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தது நூறாவது இருக்கும். ஒரு பிடிப் புல்லை வேரோடு பிடுங்கினால் அது மூன்று மாடி வீடு. மேல்மாடியில் இலைச்சாறு குடிக்கிறவை. நடுவீட்டில், காய்ந்த தாள்கள் மக்குகிற இடத்தில், பூஞ்சை தின்கிறவை. கீழே மண்ணுக்குள் கண்ணே இல்லாத வெளுத்த கூட்டம். மேல்மாடிக்காரன் கீழே இறங்கமாட்டான், கீழ்வீட்டுக்காரன் மேலே எட்டிப் பார்க்கமாட்டான். குடித்தனக்காரர்கள் மாறினால் வீட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

பதிவேட்டில் நாக்கு சுளுக்குகிற லத்தீன் பெயர்களை எழுதுவாள். வாயில் வைத்திருந்தது சொந்தப் பெயர்கள். கறுத்து உருண்டு கெட்டி ஓட்டோடு இருப்பது மிளகு. மற்றதைத் துரத்திப் பிடித்துத் தின்பது ஓட்டக்காரன். வெள்ளையாக, மயிரும் கொழுப்புமாக நகர்வது வெள்ளைச் சோம்பேறி. இன்னொன்றுக்குச் சவாரி என்று பெயர் வைத்திருந்தாள். அதற்கு நடக்க அலுப்பு. சாணிக்கும் செத்ததுக்கும் பறந்து போகிற வண்டின் வயிற்றைக் கவ்விக்கொண்டு போய் அங்கே இறங்கிக்கொள்ளும். சவாரி இருந்தால் பக்கத்தில் சாணி இருக்கும். சாணி இல்லாவிட்டால் செத்தது ஏதாவது இருக்கும். வேறு வேலையாக அது எங்கேயும் போகாது.

அவளுடைய வேலை அறைக்கு அடுத்தது புனல் அறை. சன்னல் கிடையாது. சுவரோரமாக இருபத்துநாலு புனல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குண்டு பல்பு, கீழே ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பி. புனலின் சல்லடையில் மண்ணைப் பரப்பிப் பல்பைப் போட்டால் மேல் மண் காயும். உள்ளே இருப்பவை சூட்டுக்குப் பயந்து ஈரத்தைத் தேடிக் கீழே கீழே இறங்கும். தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் சல்லடை முடிந்துவிடும். ஐந்து நாள் இந்த வேலை நடக்கும், ஒரு சத்தம் கேட்காது. புதிதாக வந்தவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் அந்த அறையில் நிற்கமாட்டார்கள். உடம்பெல்லாம் ஊர்கிறது என்று சொறிந்துகொண்டே வெளியே வருவார்கள். அவளுக்கு மட்டும் அந்த அறையில் தூக்கம் வரும்.

பண்ணையில் இருபது அடைப்புகள். மாடு மேய்ந்தால் நிலம் என்னாகிறது, மேயாவிட்டால் என்னாகிறது என்று பார்ப்பதற்காகக் கம்பி வேலி போட்ட துண்டு நிலங்கள். அடைப்புக்குள் பல வருடமாக ஒரு மாடும் காலடி வைத்ததில்லை. ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் அடையாளத்துக்கு ஒரு முளைக்குச்சி. வருடத்துக்கு ஒருமுறை முளைக்குப் பக்கத்தில் நீளமான துளைக்குழாயை இறக்கி மூன்று ஆழத்தில் மண் எடுக்க வேண்டும். கடைசி ஆழம் இடுப்பளவு. எடுத்த மண்ணைப் பையில் கட்டி, அடைப்பு எண், மூலை எண் எழுதி அவள் மேசைக்கு அனுப்ப வேண்டும்.

மண் எடுக்கிற வேலையில் இருந்தவன் அவளுடைய தம்பி. அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். நாலு பேரின் காலைப் பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான், ஆகவே மற்றவர்களைத் திட்டுவதைப்போல இரண்டு பங்கு அவனைத் திட்டுவாள். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும் முன் குழாயின் உள்புறத்தை ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் இந்த வீட்டுக் குடித்தனக்காரன் அந்த வீட்டுக் கணக்கில் ஏறிவிடுவான். தம்பிக்கு இதில் கொஞ்சம் மெத்தனம். அதனால் ஒவ்வொரு பையிலும் 'தொடைச்சாச்சு' என்று அவன் கைப்பட எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டாள். உலகத்தில் வேறு எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் இப்படி ஒரு சட்டம் இருக்காது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மதியம். அன்று காலையிலேயே வீட்டில் தன் மனைவியோடு சண்டை போட்டு, இரண்டு சட்டையை ஒரு பையில் அமுக்கிக்கொண்டுதான் தம்பி வேலைக்கு வந்திருந்தான். அவனுக்கு இது புதிதில்லை. இருபது வயதில் ஒருமுறை கோபித்துக்கொண்டு போய் நாலு மாதம் கழித்து வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை ஆறு வாரம். இளைத்துக் கறுத்து வந்து, எதுவும் நடக்காததுபோலச் சாப்பிட உட்காருவான்.

"பதினாலாம் அடைப்பு, நாலாவது மூலை. அடி மண்ணுல ரெண்டு சவாரி இருக்கு. மாடே நுழையாத எடத்துக்குச் சவாரி எப்படிடா வரும்? மாட்டுக் கொட்டகைப் பக்கம் எடுத்துட்டுக் குழாயத் தொடைக்காம அங்க கொண்டுபோய் எறக்கியிருக்க."

"தொடைச்சேன்க்கா. பையிலயே எழுதியிருக்கேன், பாரு."

"எழுதறதுக்கு என்ன, கையா வலிக்குது?"

"சத்தியமாத் தொடைச்சேன்."

"அப்போ பூச்சி பொய் சொல்லுதா? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா. உனக்குத்தான் தெரியும். போ, போய்த் திரும்ப எடுத்துட்டு வா."

அறையில் இருந்த ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியின் முகம் ஒரு மாதிரி ஆனது. குழாயை அவள் மேசைமேல் போட்டான். கண்ணாடிக் குப்பிகள் குலுங்கின.

"உன் குழாயும் வேணாம், உன் வேலையும் வேணாம். நான் போறேன்."

"போ. போய்த் தொலை," என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் பெரிய மழை. அவன் வரவில்லை. நாலு மாதம் ஆகட்டும் என்றாள் அவள். ஆனது. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். தானாகக் கோபித்துக்கொண்டு துணிமணியோடு போன வளர்ந்த ஆளை எங்கே போய்த் தேடுவது என்று அவர்கள் கேட்டார்கள். இதற்கு முன்பும் இரண்டு தரம் போயிருக்கிறான் என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.

அவனுடைய மனைவி தையல்காரி. அவளுக்குப் பிறந்த வீட்டில் போய் நிற்க விருப்பமில்லை. பூதக்கண்ணாடிக்கோ கல்யாணமே நடக்கவில்லை. ஆகவே இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துவிட்டார்கள். முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் இவள் கட்டில். தையல்காரி அந்தப் பழைய போன் நம்பரை மாற்றவே இல்லை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் வேலையைப் போட்டுவிட்டு எடுப்பாள். கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் அவளைப்போலப் பொறுமையாகப் பேசிய ஆள் அந்தத் தொழிலில் யாருக்கும் கிடைத்திருக்க முடியாது. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுத்தான் வைப்பாள்.

ஒரே ஒருமுறை, இரண்டாவது வருடத்தில், நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "காலையில நான் திட்டினேன். அதுக்கு அவரு போகல, அண்ணி. வேலைக்குத்தான வந்தாரு. நீங்க திட்டினதுக்கப்புறம்தான் போனாரு." அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வாக்கியம் பூதக்கண்ணாடிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. உடம்பை மெனக்கெட்டுக் கழுவுவாள், சோப்புப் போட்டுத் தேய்ப்பாள், ஒன்றும் போகாது.

அவன் போன மறு வருடம், பதினாலாம் அடைப்பின் நாலாவது மூலையிலிருந்து வந்த அடி மண்ணில் சவாரிகள் கொட்டிக் கிடந்தன. இரண்டல்ல, மூன்றல்ல, ஒரு கூட்டம். "போனவன் குழாயையும் நாசம் பண்ணிட்டுப் போயிருக்கான்," என்று சொல்லி, முந்தைய வருடத்து வரியின்மேல் போட்டதுபோலவே அந்த வரியின்மேலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டாள். பண்ணையின் வழக்கம் அது. கலப்படமான மண் என்று தெரிந்தால் பதிவேட்டில் சிவப்புக் குறி. குப்பி ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும், கணக்கில் சேராது. புதுக் குழாய் வாங்கினார்கள். அடுத்த வருடமும் அந்த மூலை சரியில்லை. அதற்கடுத்த வருடத்திலிருந்து அவள் அந்தக் குப்பியைத் திறந்தே பார்க்கவில்லை. பதினாலு-நாலு என்று சீட்டைப் படித்ததும் கை சிவப்புப் பேனாவுக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு ஆயிரம் பூச்சியை ஒன்றுவிடாமல் எண்ணுகிறவள், தம்பியை நினைவுபடுத்துகிற ஒரு மூலையை மட்டும் பார்க்க மறுத்தாள். இதைவிட எளிய தவறு இருக்க முடியாது.

அந்த மூலையில் புல் நன்றாக வந்தது. வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வேலியோரம் ஒரு மரம் இருந்ததால் நிழலும் உண்டு. பூதக்கண்ணாடி தன் மதியச் சாப்பாட்டை அந்த நிழலில்தான் சாப்பிடுவாள். ஒன்பது வருடம் அங்கேதான் சாப்பிட்டாள். புல் மெத்து மெத்தென்று இருக்கும்.

இந்த வருடம் பண்ணைக்குப் புதிய தலைமை விஞ்ஞானியாக ஒரு டாக்டரம்மா வந்தாள். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. வந்ததும் வராததுமாகப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"இதெல்லாம் என்ன, மேடம்?"

"கெட்டுப்போனதும்மா. கலந்துபோன மண்ணு."

"கலந்துடுச்சுன்னு யாரு முடிவு பண்ணா?"

"நான்தான்."

"எண்ணிப் பாத்தீங்களா?"

பூதக்கண்ணாடி டப்பாவை மூடப் போனாள். அவளிடம் அந்தக் கேள்வியை இருபத்தெட்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

"எல்லாத்தையும் எண்ணிடுங்க. கெட்டதும் கணக்குதான்," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டாள்.

டப்பாவில் பதினாலு-நாலு என்று சீட்டு ஒட்டிய குப்பிகள் பத்து. முதல் குப்பி அன்றைய சண்டைக்குக் காரணமானது. மற்ற ஒன்பதும் வருடத்துக்கு ஒன்று. வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழுதாக இரண்டு பகல் பிடித்தது.

முதல் குப்பியில் மிளகுகள், ஓட்டக்காரர்கள், அந்த இரண்டு சவாரிகள். இரண்டாவதில் நாற்பத்தொரு சவாரி. அதில் மிளகு ஒன்றுகூட இல்லை. மூன்றாவதில் சவாரி குறைந்து வெள்ளைச் சோம்பேறிகள் நிறைந்திருந்தன. நாலாவதில் சோம்பேறிகள் மட்டும்; குப்பியின் அடியில் மாவு படிந்ததுபோலக் கிடந்தன. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் பூஞ்சை தின்கிறவை வந்தன. ஏழாவதில் அவற்றைத் தின்ன ஓட்டக்காரர்கள் வந்தார்கள். எட்டாவதில் ஒரு மிளகு. ஒன்பதாவதில் ஆறு. பத்தாவதில் பதினைந்து. பழைய குடித்தனக்காரர்கள் தயங்கித் தயங்கி வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

குழாய் அழுக்காக இருந்தால் பூச்சிகள் கலைந்து கிடக்கும். இப்படி ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வராது. இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வந்ததும் எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை இறக்கினாள்.

பல வருடத்துக்கு முன் கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி செத்தது. அப்போதிருந்த விஞ்ஞானி அதை இடுப்பாழத்தில் புதைக்கச் சொல்லி, பக்கத்தில் முளை அடித்து, வருடா வருடம் அங்கேயும் மண் எடுக்கச் சொன்னார். எண்ணியது இவள்தான். இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள். சவாரிக்கு நேரே சவாரி. சோம்பேறிக்கு நேரே சோம்பேறி. பூஞ்சைக்கு நேரே பூஞ்சை. வித்தியாசம் ஒன்றுதான். நாலாவது மூலையில் எல்லாமே ஒரு வருடம் ஒன்றரை வருடம் கூடுதலாக நீடித்திருந்தது. கன்றுக்குட்டி சின்னது.

நாயாக இருக்குமோ என்று நினைத்தாள். வேலி நாய் நுழைகிற வேலி இல்லை. அப்புறம்தான் குழியின் ஞாபகம் வந்தது. சண்டை நடந்த அதே வாரம், மண்ணின் அடுக்குகளைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பதினாலாம் அடைப்பின் நாலாவது முளைக்கு இரண்டடி தள்ளி, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். குழி திறந்து கிடந்தது. மழைக்கு மறுநாள் காலையில் பண்ணை டிராக்டர்காரர் அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், பதினாலுல அந்தக் குழி ஒரு பக்கம் சரிஞ்சு கெடக்கு. முக்காவாசி மண்ணு உள்ள வந்துடுச்சு. என்ன செய்யட்டும்?"

அன்று அவளுக்கு யார் போன் செய்தாலும் எரிச்சலாக இருந்தது.

"மூடிடுங்க," என்றாள். "தெறந்து கெடந்தா யாராவது விழுந்து தொலைப்பாங்க."

அந்தக் குரல் அவளுக்கு இப்போது அப்படியே கேட்டது. நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். புனல் அறையில் இருபத்துநாலு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. இருபத்துநாலு புனலிலும் ஏதேதோ கீழே இறங்கிக்கொண்டிருந்தன. இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையின் வாசலில் அவளால் நிற்க முடியவில்லை. உடம்பெல்லாம் ஊர்ந்தது.

மதியம் வீட்டுக்குப் போனாள். நேரம் கெட்ட நேரத்தில் வந்தவளைத் தையல்காரி மெஷினை நிறுத்தாமலே பார்த்தாள்.

"என்ன அண்ணி, ஒடம்பு சரியில்லையா?"

"அன்னிக்கு அவன் என்ன சட்டை போட்டிருந்தான்?"

எந்த அன்று என்று தையல்காரி கேட்கவில்லை. மெஷின் நின்றது.

"நீலக் கட்டம். நானே தைச்சது. மேல இருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் பழுப்பு. நீலம் தீந்துபோச்சுன்னு போட்டேன். அதுக்கும் ஒரு சண்டை." எழுந்து நின்றாள். "எங்க பாத்தீங்க?"

"இன்னும் பாக்கல," என்றாள் பூதக்கண்ணாடி. சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. தையல்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கேட்டாள்.

டாக்டரம்மா இரண்டு பதிவேட்டையும் ஒருமுறைதான் பார்த்தாள். போலீசுக்கு அவளே சொன்னாள். முதலில் அவர்கள் சிரித்தார்கள். பூச்சியை எண்ணி ஆள் கிடக்கிற இடத்தைச் சொல்கிறாளாம் ஒரு அம்மா. டாக்டரம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் வந்தார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று கையால் தோண்டினார்கள். டிராக்டர்காரர் தானாக வந்து மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார். வயதாகிவிட்டது, பத்து வெட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். புல்லைக் கட்டிகட்டியாகப் பெயர்த்து ஓரமாக அடுக்கினார்கள். அதன் வேர் வழக்கத்தைவிட நீளமாக இறங்கியிருந்தது.

"நான் ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம், மேடம்," என்றார் டிராக்டர்காரர்.

"நான் பாக்கச் சொல்லியிருக்கலாம்," என்றாள்.

இடுப்பாழத்துக்குக் கொஞ்சம் கீழே பழுப்புப் பட்டன் ஒன்று கிடைத்தது. அவன் உட்கார்ந்த நிலையில், வெட்டின சுவரைப் பார்த்தபடி இருந்தான். தையல்காரி வேலிக்கு வெளியே நின்றாள். ஒரு எஃகுக் கரண்டியை மேலே எடுத்துக் காட்டியபோதுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள். ஆறு கரண்டியில் ஒன்று காணோம் என்று ஒன்பது வருடமாகத் தேடியிருந்தாள்.

அவன் ஊரைவிட்டுப் போகவே இல்லை. குழாயை அவள் மேசையில் போட்டுவிட்டு, கேட் வரைக்கும் போய், கோபம் பாதி இறங்கித் திரும்பியிருக்கிறான். குழாய்தானே அழுக்கு என்று சொன்னாள், குழாயே இல்லாமல் எடுத்துக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டுக் கரண்டியோடு குழிக்குள் இறங்கியிருக்கிறான். மழையில் சுவர் சரிந்திருக்கிறது. பக்கத்தில் பையும் சாப்பாட்டு டப்பாவும். டப்பாவின் மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. உள்ளே மூன்று பிளாஸ்டிக் பைகளில் மண். ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு.

விசாரணை எல்லாம் முடிந்து, எரித்தும் முடிந்து, இரண்டு மாதம் கழித்து அவனுடைய பொருள்களைத் தையல்காரியிடம் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நேரே பண்ணைக்கு வந்தாள். முதல்முறையாகப் பூதக்கண்ணாடியின் அறைக்குள் வந்து, மூன்று பையையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். டப்பாவுக்குள் மடித்து வைத்த ஒரு சீட்டில் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. பதினாலு-நாலு. அடி மண். கரண்டியால எடுத்தது. தொடைச்சாச்சு. ரெண்டு தடவ.

"எண்ணுங்க, அண்ணி. அவரு தொடைச்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?"

"உங்களுக்கும் தெரியணும்."

அந்த மண்ணில் உயிர் எதுவும் இல்லை, ஆகவே புனலுக்கும் பல்புக்கும் வேலை இல்லை. உப்புக் கரைசலில் போட்டுக் கலக்கினால் செத்த ஓடுகள் மேலே மிதக்கும். அதைத் தட்டில் அரித்து எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். தையல்காரி பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் பையில் மிளகு பதினொன்று, ஓட்டக்காரன் இரண்டு. இரண்டாவது பையில் மிளகு ஒன்பது. மூன்றாவது பையில் மிளகு எட்டு. தட்டின் ஓரத்தில் நிறம் வெளுத்து, காலை மடக்கிக்கொண்டு, ஒரு சவாரி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தட்டைத் திருப்பினாள். மூன்றாவது.

"என்ன அண்ணி? சொல்லுங்க."

"சவாரி இருக்கு."

தையல்காரியின் முகம் வாடிப்போனது. "அப்போ தொடைக்கலையா?"

"இல்லம்மா. கரண்டி வீட்டுலேருந்து வந்த கரண்டி. அது கொட்டகைக்குப் போகவே இல்ல. இருந்தும் இதுல சவாரி இருக்கு. அப்படின்னா நெஜமாவே அந்த மண்ணுல இருந்திருக்கு. மொதல்ல எடுத்ததும் சரியாத்தான் எடுத்திருக்கான். தொடைச்சுத்தான் எடுத்திருக்கான். பூச்சியும் பொய் சொல்லல, அவனும் சொல்லல." நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். "நான்தான்."

தையல்காரி குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "மாடே போகாத எடம்னு சொன்னீங்களே. அன்னிக்கு அங்க அதுக்கு என்ன வேலை?"

"எலி ஏதாவது செத்திருக்கும்."

சொன்னாளே தவிர, தோண்டிய மண் முழுவதையும் சல்லடையில் போட்டுப் பார்த்தவர்கள் எலியின் எலும்பு ஒன்றையும் கண்டதாகச் சொல்லவில்லை. அவளும் அதை விசாரித்திருந்தாள். சவாரி வேலை இல்லாமல் எங்கேயும் போகாது. சண்டைக்கு முன்பே, மழைக்கு முன்பே, குழிக்குள் அவன் காலை வைப்பதற்கு முன்பே, அவை அந்த மூலைக்கு வந்து சேர்ந்திருந்தன. வந்து காத்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவள் அவனை அங்கே அனுப்பினாள்.

இதைத் தையல்காரியிடம் அவள் சொல்லவில்லை.

பதிவேட்டை எடுத்து ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பு மை அழியாது. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில், கறுப்புப் பேனாவால் எழுதினாள்: இந்தக் குறி தவறு. எண்ணிக்கை சரி. குழாய் சுத்தம். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினாள்.

தையல்காரி சீட்டை மட்டும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். மண்ணை என்ன செய்வது என்று கேட்டாள். இங்கேயே இருக்கட்டும் என்றாள் பூதக்கண்ணாடி. இரண்டு பேரும் வெளியே வந்தபோது மதியம் ஆகியிருந்தது. சாப்பாட்டு நேரம். பதினாலாம் அடைப்பில் பெயர்த்த புல்லைத் திரும்ப நட்டிருந்தார்கள், அது பிடித்துக்கொண்டுவிட்டது. அந்தப் பக்கம் போகாமல் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தையல்காரி கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.